மலாக்காச் செட்டிகளும் சிவவழிபாடும்

ஆலயம் என்பது கல்லாலும் சுதையாலும் மட்டும் ஆவதன்று. நாள்தோறும் அதன்கண் விளக்கேற்றி, திருமேனியை நீராட்டி, மலர்சாத்தி, அன்பினால் வணங்குவார் உளராயின் அஃது ஆலயம். அவர் இலராயின், அதே கல்லும் அதே திருவுருவும் பண்டைப் பொருள்கள் என்னும் பெயரோடு பொருட்காட்சிச்சாலையிற் சென்று சேர்வனவாம். கடல் கடந்த நாடுகளிற் சைவம் சென்று நிலவிய வரலாற்றினை ஆராய்வார்க்கு இவ்விருவகை நிலையும் புலனாகும். ஓரிடத்தில் அடியார் மறைந்தனர். சிற்பங்கள் மட்டும் எஞ்சின. மற்றோரிடத்தில் தாய்மொழி மறைந்தது. அடியாரும் ஆலயமும் எஞ்சினர். இவற்றுட் பின்னையதற்குச் சான்றாக நிற்பவர் மலாக்காச் செட்டிகள் என வழங்கப்படும் சிறு குழுவினர் ஆவர். அவர்தம் வரலாறு சைவ நன்மக்கள் அறிந்து சிந்தித்தற்கு உரியது.

இவர்களைப் பற்றிய காட்சியொன்று 2018-ஆம் ஆண்டு சிங்கப்பூரில், காம்பல் சந்தில் அமைந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டிலும் நடைபெற்றது. அந்நிலையம் 2015-ஆம் ஆண்டு திறக்கப்பட்டதாகும். மலாக்காச் செட்டிகளின் உடை, அணிகலன், இல்லப் பொருள், நிழற்படம், சமயச் சடங்கு ஆகியவற்றை ஒருங்கு காட்டி, அவர்தம் வாழ்வினைப் பொதுமக்கட்கு அறிவுறுத்துதலே அக்காட்சியின் நோக்கம். அதற்கு முன்னரே, 2008-ஆம் ஆண்டில், சிங்கப்பூர் ஆர்மீனியன் தெருவிற் பழைய தாவ் நான் பள்ளிக் கட்டடத்தில் பெரானாக்கான் பொருட்காட்சிச்சாலை என்பதொன்று நிறுவப்பட்டு, பின்னர்ச் சிலகாலம் மூடப்பட்டுச் செப்பமிடப்பெற்று, 2023-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

பெரானாக்கான் என்னும் சொல்லின் பொருளை முதற்கண் அறிதல் வேண்டும். மலாய் மொழியில் அனாக் என்பது பிள்ளையைக் குறிக்கும். அச்சொல்லின் அடியாகப் பிறந்த பெரானாக்கான் என்னும் சொல், வெளிநாட்டினின்றும் வந்தோர்க்கும் அந்நாட்டு மகளிர்க்கும் தோன்றி அந்நாட்டிலேயே வேரூன்றிய வழியினரைச் சுட்டுவது. இவ்வகையினருட் சீனர் வழிவந்தோர் பெருந்தொகையினர். அவருள் ஆடவரைப் பாபா எனவும் மகளிரை நியோஞ்ஞா எனவும் வழங்குவர். தென்னாட்டு முகம்மதியர் வழிவந்தோர் ஜாவிப் பெரானாக்கான் எனப்படுவர். தென்னாட்டுச் சைவ வணிகர் வழிவந்து, இன்றளவும் சைவராகவே நிற்போர் மலாக்காச் செட்டிகள். சீனப் பெரானாக்கான்களின் பீங்கானும் பூத்தொழிற் பாதுகையும் உலகோர் பலரால் அறியப்பட்ட அளவிற்குச் செட்டிகளின் வாழ்வு அறியப்பட்டிலது. தமிழ்நாட்டுச் சைவருள்ளும் அதனை அறிந்தோர் மிகச் சிலரே.

இனி, இவர்தம் தோற்றத்தை நோக்குவாம் எனின், அது மலாக்கா நகரின் தோற்றத்தோடு இயைந்தது. கி.பி. 1400-ஆம் ஆண்டையொட்டி அந்நகரம் எழுந்தது. மேற்கினின்று வரும் காற்றோடு சோழமண்டலக் கரை, கூர்ச்சரம், அரபுநாடு ஆகியவற்றின் மரக்கலங்களும், கிழக்கினின்று வரும் காற்றோடு சீனம், சாவகம் முதலியவற்றின் மரக்கலங்களும் அதன் துறைமுகத்தில் வந்து கூடின. ஒரு காற்றோடு வந்த வணிகர் மறுகாற்று வீசுங்காறும் ஆண்டுத் தங்கியிருத்தல் இன்றியமையாததாயிற்று. அங்ஙனம் திங்கள் பலவாகத் தங்கிய தமிழ் வணிகருட் சிலர் அந்நாட்டு மகளிரை மணந்து இல்லறம் நடாத்துவாராயினர். கடற்செலவு அந்நாளில் உயிர்க்கு ஊறு விளைப்பதாகலின் தமிழ்ப்பெண்டிர் பெரும்பாலும் உடன் சென்றிலர். ஆகலின் அவ்வில்லங்களில் தந்தை மொழி தமிழாகவும் தாய் மொழி மலாயாகவும் இருந்தன. குழவிக்கு முதற்கண் மொழி பயிற்றுவாள் தாயே அன்றோ? செட்டிகளின் பின்னை வரலாறு முழுவதும் இவ்வொரு நிலையினின்றே விரிந்தது எனலாம்.

1511-ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் மலாக்காவைக் கைப்பற்றினர். அக்காலத்து நிலையை அறிதற்கு, 1512-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஆண்டு உறைந்த தொமே பிரேசு என்பார் எழுதிவைத்த நூல் துணைபுரிகின்றது. சோழமண்டலக் கரையினின்றும் வந்த வணிகர் அந்நகரிற் பெருஞ்செல்வராய் விளங்கியமை அதனாற் புலனாகும். அவருள் தலைசிறந்தவரைப் போர்த்துக்கேயர் நினா சட்டு எனக் குறித்தனர்; நயினார் செட்டி என்பதே அங்ஙனம் திரிந்தது என்பர். அவரைப் புதிய ஆட்சியாளர் பெண்டாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தினர். 1514-ஆம் ஆண்டில் அப்பதவி அவரிடத்தினின்றும் பறிக்கப்பட்டுக் கம்பார் நாட்டு அரசர்க்குக் கொடுக்கப்பட்டது. மானம் பொறாத அவர் தீமூட்டி அதன்கட் பாய்ந்து உயிர்நீத்தார். வேற்றரசரின் அருளை நம்பி எய்தும் செல்வமும் செல்வாக்கும் எத்துணை விரைவில் நீங்கும் என்பதனை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. செட்டிகளின் அரசியற் பெருமை அதன்பின் தேய்ந்தது. தேயாது நின்றது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

போர்த்துக்கேயர் ஆட்சி நூற்றுமுப்பது ஆண்டுகள் நிகழ்ந்து, 1641-ஆம் ஆண்டில் ஒல்லாந்தரால் முடிவுற்றது. ஒல்லாந்தர் காலத்திற் செட்டிகட்கு அளிக்கப்பட்ட நிலத்தில், 1781-ஆம் ஆண்டில், அவர்தம் தலைவராகிய தெய்வநாயகம் செட்டி என்பவரால் பொய்யாத விநாயகமூர்த்தி திருக்கோயில் எடுக்கப்பட்டது. மலேசிய நாட்டில் வழிபாடு இடையறாது நிகழ்ந்துவரும் இந்துக் கோயில்களுள் மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று. பொற்கொல்லர் தெரு என்னும் பொருளுடைய துக்காங் இமாஸ் சாலையில் அக்கோயில் அமைந்துளது. அதன் அணித்தே 1748-ஆம் ஆண்டில் முதற்கட் கட்டப்பெற்ற கம்போங் கிளிங் பள்ளிவாசலும், பதினேழாம் நூற்றாண்டிற் சீனரால் நிறுவப்பட்ட செங் ஹூன் தெங் கோயிலும் உள்ளன. மூன்று சமயத்தாரும் ஒரு தெருவில் தத்தம் இறைவரை வழிபட்டுப் பகையின்றி வாழ்ந்துவருகின்றனர். 2008-ஆம் ஆண்டில் மலாக்கா நகரம், பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு ஒருங்கு, உலக மரபுச் சின்னமாக ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஈண்டு ஓர் ஐயம் நீக்குதற்கு உரியது. செட்டிகள் என்றவுடன் தமிழ்நாட்டார் நாட்டுக்கோட்டை நகரத்தாரை நினைத்தல் இயல்பு. மலாக்காச் செட்டிகள் அவரின் வேறாவர். நகரத்தார் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் பெருவாரியாகச் சென்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்ற பின்னரேயாம். சிங்கப்பூர்த் தேங்கு சாலையில் அவர் எடுத்த தெண்டாயுதபாணி கோயில் 1859-ஆம் ஆண்டைச் சார்ந்தது. அவர் சொந்த ஊரோடு உறவு நீங்காதவர். தொழில் முடிந்தபின் மீள்பவர். மலாக்காச் செட்டிகளோ அதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே குடியேறி, மீளாது தங்கியவர். ஆயினும் இரு சாராரையும் பிணிப்பதோர் இணைப்பு உண்டு. செட்டிகட்குரிய பொய்யாத விநாயகர் கோயிலின் காரியங்களை நகரத்தார் பார்த்துவருகின்றனர். மாசிமகத் திருவிழாவில் முருகப்பெருமான் அக்கோயிலினின்றும் தேரேறிச் செங் என்னும் இடத்திலுள்ள சந்நியாசிமலை ஆண்டவர் கோயிற்கு எழுந்தருளுவார். முன் வந்தார் எடுத்த ஆலயத்தைப் பின் வந்தார் பேணுதல் சைவ ஒருமைக்குத் தக்கதேயாம்.

காலம் செல்லச்செல்லச் செட்டிகளின் கடல்வாணிகம் சுருங்கிற்று. நகரினடுவே வாழ்ந்த அவர் பலர், புறத்தேயுள்ள காஜா பெராங் என்னும் இடத்திற் குடியமர்ந்து, நிலத்தொழிலும் பிற சிறு தொழில்களும் மேற்கொண்டனர். கம்போங் செட்டி என வழங்கும் சிற்றூர் அதுவேயாம். செல்வம் குறைந்தும் அவர் முதற்கண் மறவாதது ஆலயம். 1822-ஆம் ஆண்டில் ஆண்டு முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது. 1887-ஆம் ஆண்டில் கைலாசநாதர் கோயிலும், அதன் அயலாண்டில் அங்காள பரமேசுவரி கோயிலும் எழுந்தன. இவையன்றிச் சிறு கோயில்களும் அப்பகுதியிற் பல உள. குடிகள் சிலவாகவும் கோயில்கள் பலவாகவும் உள்ள ஊர் அஃது. ஊண் சுருங்கினும் வழிபாடு சுருங்கலாகாது என்னும் உறுதி அவர்பால் இருந்தமைக்கு இதனின் வேறு சான்று வேண்டா.

இனி அவர்தம் இற்றைநாள் வாழ்வினை நோக்குமிடத்து வியப்பும் வருத்தமும் ஒருங்கு தோன்றும். அவர் இல்லத்திற் பேசும் மொழி மலாய். அதுவும் அவர்க்கே உரியதொரு வழக்கு. உறவுமுறைப் பெயர்களும் சமயச் சொற்களும் ஆகிய சில தமிழ்ச் சொற்களே அதன்கண் எஞ்சியுள்ளன. மகளிர் பண்டுதொட்டு அணிந்தது சேலையன்று. சாரோங் என்னும் கைலியும், கெபாயா என்னும் மேற்சட்டையுமாம். உணவிலும் மலாய்நாட்டுச் சுவை மிகுதி. தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் சம்பாலும் அவர் விருந்தில் இடம்பெறும். ஆயின் அவ்வுணவினை வாழையிலையிற் படைக்கின்றனர். பெயர்களில் பிள்ளை, செட்டி, படையாட்சி என்னும் ஈறுகள் நிற்கின்றன. நெற்றியில் திருநீறு நிற்கின்றது. மொழியும் உடையும் உணவும் மாறிய பின்னரும் மாறாதது இவ்வொன்றேயாம்.

இல்லத்தில் அவர் இயற்றும் சடங்குகளுட் சிறந்தது பார்ச்சு எனப்படுவது. தமிழ்நாட்டார் தம் முன்னோர்க்குப் படையலிடுதல் போன்றதே இஃது. பொங்கற்கு முதனாளாகிய போகியன்று ஒருமுறையும், ஆண்டின் நடுவே பழங்கள் நிரம்பக் கனியும் பருவத்தில் ஒருமுறையும் இது நிகழும். முன்னது பொங்கற் பார்ச்சு. பின்னது பழப் பார்ச்சு. இல்லத்தைத் தூய்மை செய்து, விளக்கேற்றி, சாம்பிராணி புகைத்து, வாழையிலைகளில் உணவு வகைகளைப் பரப்பி, குடும்பத்தார் அனைவரும் மறைந்த முன்னோரை நினைந்து வணங்குவர். பின்னரே தாம் உண்பர். இல்வாழ்வான் ஓம்பற்குரியாருள் தென்புலத்தாரைத் திருவள்ளுவர் முதற்கண் வைத்தமை யாவரும் அறிந்தது. அந்நூலினை மூலமொழியில் ஓதவறியாத ஒரு குழுவினர், அந்நூல் விதித்த கடனைப் பல தலைமுறைகளாக வழுவாது ஆற்றிவருகின்றனர். ஓதவல்ல நாட்டிலோ அக்கடன் பல இல்லங்களில் மறக்கப்பட்டு வருகின்றது.

முத்துமாரியம்மன் கோயிலிற் சித்திரை வைகாசியை ஒட்டி நிகழும் பெருவிழாவினை அவர் தாத்தோ சாச்சார் என்பர். தாத்தோ என்பது மலாய் மொழியில் மூத்தோரையும் வணங்கத்தக்காரையும் குறிப்பது. சாச்சார் என்பது வைசூரி நோய். அம்மை நோயினை ஆளும் அன்னை என்னும் தமிழ்நாட்டுக் கருத்து, ஓர் எழுத்தும் தமிழல்லாத அப்பெயரினுள் முழுவதும் அடங்கியுள்ளது. மஞ்சளும் வேம்பும் காவடியும் தெரிந்த எவர்க்கும் அவ்விழாவிற்கு உரை கூற வேண்டுவதில்லை. சொல் பெயர்ந்தது, பொருள் பெயர்ந்திலது.

இது எங்ஙனம் கூடிற்று என வினவுதல் வேண்டும். மொழி மறைந்தவிடத்துச் சமயமும் மறைதலே உலகிற் பெரும்பான்மை. மலாக்காவைச் சூழ்ந்து ஆண்ட அரசுகள் இசுலாம், கத்தோலிக்கம், சீர்திருத்தக் கிறித்துவம் என வேறுவேறு சமயத்தைச் சார்ந்தன. தாய்வழி உறவினரும் வேற்றினத்தவர். தேவார திருவாசகங்களை எழுத்துக்கூட்டி ஓதுவார் குறைந்தனர். மெய்கண்ட நூல்களைப் பயிற்றும் மடம் ஆண்டு இருந்ததாகச் செய்தியில்லை. அங்ஙனமாகவும் சைவம் நின்றது எதனால்?

இதற்கு விடை சித்தாந்த நூல்கள் கூறும் நாற்பாதங்களிலேயே உளது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பன படிமுறையில் அமைந்தவை. அவற்றுள் முதற்படியாகிய சரியை உடம்பாற் செய்யும் தொண்டு. திருக்கோயிலை அலகிடுதலும், மெழுகுதலும், மலர் பறித்தலும், மாலை தொடுத்தலும், விளக்கிடுதலும், அடியாரை வணங்கி ஏவல்செய்தலும் அதன் உறுப்புக்கள். இவற்றைக் கைகள் அறியும், மொழி வேண்டுவதில்லை. தாய் விளக்கேற்றக் கண்ட மகள் தானும் ஏற்றுவள். அவளைக் கண்டு அவள் மகளும் ஏற்றுவள். நூல்வழி வந்த ஞானப்பகுதி, மொழியாகிய கலம் உடைந்தவழிச் சிந்திப்போயிற்று. கைவழி வந்த சரியைப்பகுதி சிந்தாது நின்றது. சரியையைத் தொடக்கநிலை எனக் கருதி அதனை எளிதாக எண்ணுவார் உளர். நானூறு ஆண்டுகட்கு மேலாக ஒரு குழுவின் சமயத்தைத் தாங்கி நின்றது அச்சரியையே என்பதனை அவர் சிந்திப்பாராக.

அற்றேல், தமிழறியாதார் சைவர் எனப்படுதல் எங்ஙனம்? திருமுறை ஓதாதார்க்குச் சைவம் உண்டோ? எனின், கூறுதும் என ஆன்றோர் காட்டிய நெறி உளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் தாம் அருளிய திருத்தொண்டத்தொகையில் தனியடியாரை மட்டும் வணங்கி அமைந்தாரல்லர், தொகையடியாரையும் வணங்கினார். அவருள் அப்பாலும் அடிச்சார்ந்தார் என்பார் ஒரு தொகையினர். மூவேந்தர் ஆண்ட தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால் வாழ்ந்து இறைவன் திருவடியைச் சார்ந்தோரும், சுந்தரர் காலத்திற்கு முன்னும் பின்னும் அங்ஙனம் சார்ந்தோரும் அத்தொகையுள் அடங்குவர் எனச் சேக்கிழார் பெருமான் விளக்கினார். இடத்தானும் காலத்தானும் அப்பாற்பட்டோரை ஆசாரியரே வணங்கியிருக்க, மலாக்காவில் திருநீறிட்டு ஆலயம் தொழுவோரைச் சைவரல்லர் என விலக்குதற்கு எவர்க்கு உரிமை உண்டு? சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரமும் அன்பராயினாரின் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு தொழுதல் வேண்டும் என விதித்ததன்றி, அவ்வன்பர் பேசும் மொழியை ஆராய்க என விதித்திலது.

மற்றொரு தடையும் எழும். பார்ச்சுப் படையலிற் புலாலுணவும் இடம்பெறுதல் உண்டு. அது சைவ ஒழுக்கத்திற்கு மாறன்றோ எனின், மாறே என்பதில் ஐயமில்லை. கொல்லாமையும் புலால் மறுத்தலும் சைவத்தின் உயிர்நிலை ஒழுக்கங்கள். அவற்றை நெகிழவிடுதல் தகாது. ஆயினும் இரண்டு கருத்தக்கன. ஒன்று, தமிழ்நாட்டிலேயே முன்னோர் படையலிற் புலால் விலக்காத குடும்பங்கள் மிகப்பல. அவரை நோக்கிச் சைவரல்லர் எனக் கூறுவார் இலர். மற்றொன்று, கண்ணப்ப நாயனாரின் வரலாறு. ஊனமுது படைத்த செயலை முன்மாதிரியாகக் கொள்ளுமாறு அவ்வரலாறு கூறவில்லை. அச்செயலைக் கடந்து அன்பைக் காணுமாறு சிவகோசரியார்க்கு இறைவன் காட்டியதனையே அது கூறுகின்றது. அறியாமையால் நேர்ந்த குறை அறிவுறுத்தலால் நீங்கும். அன்பின்மையால் நேர்ந்த குறையோ எளிதின் நீங்காது. ஆகவே அறிவுறுத்துவார் இன்றி விடப்பட்டோரைப் பழித்தலினும், அறிவுறுத்தாது வாளாவிருந்தோர் நாணுதலே முறையாம்.

இனி, தொடக்கத்திற் கூறிய மற்றொரு நிலைக்குச் சான்று காண்டல் வேண்டும். சீனநாட்டின் தென்கிழக்குக் கரையிலுள்ள சுவான்சௌ துறைமுகத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தமிழ் வணிகர் பலர் வாழ்ந்தனர். கி.பி. 1281-ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று, சம்பந்தப்பெருமாள் என்பார் ஆண்டுச் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியினையும், சீனப் பேரரசன் நலங்கருதி அது செய்யப்பட்டதனையும் கூறுகின்றது. திருஞானசம்பந்தரின் பெயர் தாங்கிய ஒருவர் சீனநாட்டில் சிவாலயம் எடுத்தார் என்பதனை எண்ணுந்தோறும் உள்ளம் உருகாதார் யார்? அவ்வாலயத்தின் தூண்களும் சிற்பங்களும் பின்னாளில் நகரின் பல பகுதிகளில் சிதறிக் கிடந்தன. சில கையுவான் என்னும் புத்த கோயிலின் பின்புறத் தூண்களாக நிறுத்தப்பட்டன. பல, 1959-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சுவான்சௌ கடல்வாணிகப் பொருட்காட்சிச்சாலையிற் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றுள் யானையொன்று சிவலிங்கத்தை வழிபடும் சிற்பமும் உளது. திருவானைக்கா வரலாற்றை அறிந்தார்க்கு அதன் பொருள் உடனே விளங்கும். ஆயின் அந்நகரில் அதனை அறிந்து கைகூப்பும் குடும்பம் ஒன்றேனும் இல்லை. அடியாரின் வழி அற்றுப்போயிற்று. சிற்பம் வழிபடு பொருளாக இருந்தது மாறிக் காட்சிப் பொருளாயிற்று.

சுவான்சௌவில் இருந்தோர் தமிழ் மறவாதவர். தம் கல்வெட்டினையும் தமிழிலேயே பொறித்தனர். மலாக்காவில் இருந்தோர் தமிழை இழந்தனர். எனினும் முன்னவரின் சைவம் கல்லாய் எஞ்சிற்று. பின்னவரின் சைவம் உயிரோடு எஞ்சிற்று. சுவான்சௌ வணிகர் வாணிகம் நின்றபின் அந்நாட்டில் ஒரு வழியினராக நிலைத்திலர். மலாக்கா வணிகர் அந்நாட்டு மகளிரோடு இல்லறம் பூண்டு, அவ்வில்லறத்தினுள்ளேயே சிவவழிபாட்டினை ஊன்றினர். வேற்றினத்திற் பிறந்து வந்த அம்மகளிர் தம் கணவரின் சமயத்தைத் தம் சமயமாகக் கொண்டு, மக்கட்கும் அதனைக் கற்பித்தனர். வரலாற்று நூல்களில் அவர் பெயர் இல்லை. ஆயினும் மலாக்காச் சைவத்தைக் காத்தவர் யாவர் என வினவுவார்க்கு, ஆலயம் எடுத்த செல்வரோடு அவ்விளக்கேற்றிய தாய்மாரையும் கூறுதல் வேண்டும்.

இவற்றால் மொழி வேண்டா என்பது கருத்தன்று. சரியை முதற்படியேயன்றி முடிந்தபடியன்று. கைவழிச் சடங்கின் பொருளை இளையோர் வினவுங்கால் விடை கூறுதற்கு நூலறிவு இன்றியமையாதது. முற்காலத்திற் செட்டிச் சிறார் ஒரே ஊரில், கோயில் நிழலில், ஒரே வழக்கத்தினுள் வளர்ந்தனர். வினா எழுதற்கு இடம் சிறிதாக இருந்தது. இற்றைநாளில் அவருட் பலர் தொழிலின் பொருட்டுச் சிங்கப்பூருக்கும் வேறு நகரங்கட்கும் சென்று வாழ்கின்றனர். பிறரோடு மணத்தொடர்பும் பெருகிற்று. மலாக்கா நகரம் வளர்ந்து கம்போங் செட்டியை நெருங்கியுள்ளது. ஒருவர்பின் ஒருவராக மூத்தோர் மறைய, பார்ச்சுச் சடங்கின் முறையினை முற்ற அறிந்தோர் தொகை குறைந்துகொண்டு வருகின்றது. எதன்பொருட்டு இதனைச் செய்கின்றோம் என மகன் வினவி, தந்தை விடைகூற இயலாதவழி, அச்சடங்கு ஒரு தலைமுறையில் நின்றுவிடும். நின்றபின் அஃது இருக்குமிடம் காட்சிச்சாலையே.

காட்சிச்சாலைகளைக் குறைகூறுதல் இதன் நோக்கமன்று. 2018-ஆம் ஆண்டுக் காட்சி, தம்மை யாரும் அறிந்திலர் என எண்ணியிருந்த ஒரு சிறு குழுவினர்க்குப் பெருமிதம் அளித்தது. பிறர்க்கு அறிவு அளித்தது. கம்போங் செட்டியிலும் அவர்தம் வரலாறு கூறும் சிறு பொருட்காட்சிச்சாலை ஒன்று உளது. தம் பழம்பொருள்களைத் தாமே காத்துத் தம் மக்கட்குக் காட்டுதல் நன்றேயாம். ஆயினும் கண்ணாடிப் பேழையுள் வைத்த குத்துவிளக்கு அழகினைக் காட்டுமேயன்றி ஒளியினைத் தாராது. அதில் எண்ணெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றும் கை வேண்டும். அக்கை செட்டிகளின் இல்லங்களில் இன்றும் உளது என்பதே அவ்வரலாற்றின் தனிச்சிறப்பு.

ஆதலின் சைவ நன்மக்கள் ஆற்றற்குரிய தொண்டு ஒன்று எதிரே நிற்கின்றது. வடமொழியாளர்க்கு வடமொழியிலும் ஆங்கிலம் அறிந்தோர்க்கு ஆங்கிலத்திலும் சித்தாந்தத்தைக் கூற முற்பட்ட சான்றோர் பலர். ஜி. யூ. போப் ஐயர் திருவாசகத்தை 1900-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டமையால் சைவத்தின் பெருமை மேனாட்டிற் பரவியது. அங்ஙனமே, சைவத்தைக் கைவிடாது பற்றி நிற்கும் மலாய்மொழிச் சைவர்க்கு, அவர் பேசும் மொழியிலேயே நாயன்மார் வரலாறும், திருமுறைகளின் கருத்தும், திருநீறு ஐந்தெழுத்து முதலியவற்றின் பொருளும், உயிர்க்கொலை நீத்தலின் சிறப்பும் எளிய நூல்களாக எழுதப்படுதல் வேண்டும். தமிழ் கற்க விரும்பும் அவர்தம் சிறார்க்குத் தமிழும், தேவாரப் பண்ணும் அன்போடு பயிற்றப்படுதல் வேண்டும். மொழி இழந்தமைக்காக எள்ளப்படுவோர் மொழியை நாடார். அன்போடு அழைக்கப்படுவோர் நாடுவர். மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நகரங்களிலுள்ள சைவ மன்றங்கட்கு இத்தொண்டு அணித்தே உளது.

வடக்கயிலையில் உறையும் பெருமானைக் காஜா பெராங்கின் கைலாசநாதர் கோயிலில் வணங்கும் அடியவர், தம் முன்னோர் மொழியிற் போற்றி கூற அறியாராயினும், தம் முன்னோர் குவித்தவாறே கைகுவிக்கின்றனர். எம்மொழிக்கும் முதலாய், எம்மொழியும் கடந்து நிற்கும் இறைவன் அக்கைகளை அறிவன். அவற்றின் பொருளை அவர்க்கே எடுத்துரைக்கும் கடன் தமிழறிந்த சைவர்பால் நிற்கின்றது. அக்கடன் காலத்தே ஆற்றப்படுமாயின், மலாக்காவின் விளக்குகள் பேழையுட் புகாது இல்லங்களிலேயே நின்று எரியும். அங்ஙனம் எரியச் சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.